புதுப்பிப்பு: கல்லடி விடுதியின் தீ அலாரம் இப்ப பகுதி பகுதியா அடிக்குது

சமையலறையில கொஞ்சம் புகைஞ்சாலும் மூண்டு மாடியும் சேர்ந்து அலறுது, பகுதிவாரியா அடிக்க வைக்க ஏலுமா எண்டு முன்னம் கேட்டிருந்தேன். ஏலும், செய்தாச்சு.

பனல் (அலாரத்தைக் கட்டுப்படுத்துற பெட்டி) அட்ரசபிள் வகை, அதாவது புகை, வெப்பத்தை உணருற ஒவ்வொரு டிடெக்டரையும் தனித்தனியா அடையாளம் காணும். டிடெக்டர்களுக்குச் சோன் (பகுதி) நம்பர் சரியாத்தான் இருந்தது. ஆனா சோன் பிரிச்சா திரையில இடம் தெரியும், அவ்வளவுதான். எந்தச் சைரன் அடிக்கணும் எண்டதைத் தனியா நிரல்படுத்தணும். பூட்டினவங்க சைரன் எல்லாத்தையும் ஒரே குறூப்பில விட்டிருந்தாங்க.

இப்ப ஒரு மாடியில டிடெக்டர் எழும்பினா அங்க தொடர் சத்தம், மற்ற மாடிகளில விட்டுவிட்டு எச்சரிக்கை. குறிச்ச நேரத்துக்குள்ள ஆரும் பனலில பொத்தானை அமத்தி அலாரத்தைக் கண்டதா ஏற்காட்டி முழுக் கட்டிடமும் அடிக்கும். கையால அமத்துற அலாரப் பொத்தானுக்கு (கோல் பொயின்ட்) இந்தத் தாமதமே இல்லை. ஆள் கண்ணால நெருப்பைக் கண்டுதானே அமத்துறார்.

மாடிப்படி தனிச் சோன். புகை அதாலதான் மேல ஏறும், ஆக்கள் இறங்குறதும் அதாலதான். அதனால அங்க எழும்பினா உடனே எல்லாரும் வெளியேறணும். இதில விட்டுக்கொடுக்காதீங்க.

சமையலறையில புகை டிடெக்டரைக் கழட்டி வெப்ப டிடெக்டர் போட்டோம். பனலிலயும் வகையை மாத்தினாத்தான் பிழைவிளக்கு அணைஞ்சது.

மாடிக்கொரு ஆளை நிப்பாட்டி, டிடெக்டருக்குச் சோதனை ஸ்பிரே அடிச்சு, எல்லாச் சைரனையும் காதால கேட்டுத்தான் முடிச்சோம். வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி.