டொன்கட்சு கடை அனுபவங்கள்: ரோஸா ஹிரேயா, என்ன எண்ணெய், சாஸை எங்கே ஊற்றுவது

டோக்கியோ உறுப்பினர்:

ஜப்பானில் டொன்கட்சு, அதாவது ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பன்றிக்கறி, விற்கும் கடைக்கு முதல் தடவை போகிறவர்கள் மெனுவிலேயே தடுமாறுகிறார்கள், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். 'டொன்' என்றால் பன்றி. 'கட்சு' வேறொன்றும் இல்லை, கட்லெட்தான். ஜப்பானியர் வாயில் அது 'கட்சுரெட்சு' ஆகி, பிறகு பாதியில் நின்றுவிட்டது. நம்மூர் ரயில் கேன்டீன் கட்லெட்டுக்கு இது பெயர்வழியில் பங்காளி.

மெனுவில் தலைமாட்டில் நிற்பவை இரண்டு. ரோஸ் என்பது முதுகுக்கறி, ஓரத்தில் வெள்ளைக் கொழுப்புப் பட்டையோடு வரும். ஹிரே என்பது முதுகெலும்பின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் மென்கறி. அதில் கொழுப்பு அநேகமாக இருக்காது. ஒரு பன்றியில் ஹிரே கொஞ்சம்தான் தேறும், விலை கூடுவது அதனால்தான். விலை கூடினால் ருசியும் கூடும் என்று நம்பி ஹிரே வாங்குவது வீண். பன்றிக்கறியின் மணமும் இனிப்பும் கொழுப்பில் இருக்கின்றன. முதல் தடவை ரோஸ் வாங்குங்கள். கொழுப்பு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஹிரே சரி.

சாதாரண ரோஸ் 120 முதல் 150 கிராம் இருக்கும். 'ஜோ' என்று முன்னால் போட்டிருந்தால் மேல்தரத் துண்டு, பெரும்பாலும் எடையும் கூடுதல். 3 சென்டிமீட்டர் கனத் துண்டு கேட்டால் 20 நிமிடம் காத்திருக்கத் தயாராக இருங்கள். சீக்கிரம் வேண்டுமென்று அவசரப்படுத்த முடியாது, உள்ளே வேக அவ்வளவு நேரம் பிடிக்கும். 'குரோபுத்தா' என்று எழுதியிருந்தால் கறுப்புப் பன்றி, அதாவது பெர்க்‌ஷயர் இனம். ககோஷிமா இதற்குப் பேர்போன ஊர். 'சங்கெந்தோன்' என்பது மூன்று இனங்களைக் கலந்து வளர்த்த பன்றி. ஏதோ அரிய சாதி என்று மயங்க வேண்டாம், ஜப்பானில் விற்கும் பன்றிக்கறியில் பெரும்பகுதி அப்படிக் கலந்ததுதான்.

'தெய்ஷொக்கு' என்று கேட்டால் சோறு, மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், கோஸ், ஊறுகாய் எல்லாம் சேர்ந்து வரும். 'தன்பின்' என்றால் கறித்துண்டு மட்டும். பல கடைகளில் சோறும் கோஸும் 'ஒகவாரி', அதாவது இரண்டாம் தடவை கேட்டாலும் காசு கிடையாது. சூப்பை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கறியும் முள்ளங்கியும் போட்ட 'டொன்ஜிரு'வாக இருந்தால் மறுதடவைக்குத் தனிக்காசு கேட்கும் கடைகளும் உண்டு.

—

ஒசாகா உறுப்பினர்:

இடம் கிடைத்தால் கவுன்டரில் உட்காருங்கள். அடுப்பைப் பார்த்தாலே கடையின் தரம் விளங்கிவிடும்.

முதல் வேலை கொழுப்புக்கும் கறிக்கும் நடுவில் ஓடும் நாரைக் கத்தி நுனியால் நாலைந்து இடத்தில் கீறுவது. இதை விட்டால் சூட்டில் நார் சுருங்கி, துண்டு கிண்ணம் மாதிரி வளைந்துவிடும். அடுத்தது உப்பு, மிளகு. பிறகு மைதா, முட்டை, ரொட்டித்தூள். மைதாவைப் பூசியதும் தட்டி உதறுவார்கள். மாவு தடியாக நின்ற இடத்தில்தான் பொரித்த பிறகு மேலோடு கறியை விட்டுக் கழன்று சட்டை மாதிரி தொங்கும். நல்ல கடைகளில் தூள் 'நாம பான்கோ', அதாவது காயவைக்காத ஈரத்தூள். அதை அழுத்தி அப்பக்கூடாது. மேலே குவித்து உள்ளங்கையால் லேசாக ஒற்றினால்தான் பொரிந்ததும் முள் முள்ளாக நிற்கும்.

எண்ணெய் சாதாரணமாக 160 முதல் 170 டிகிரி. 130 டிகிரிச் சூட்டில் நிதானமாகப் பொரித்து, வெளிறிய நிறத்தில் பரிமாறும் கடைகளும் இருக்கின்றன. வெளுப்பாக இருக்கிறதே, வேகவில்லையோ என்று திருப்பி அனுப்பாதீர்கள், அது அந்தக் கடையின் பாணி. சத்தத்தையும் கவனியுங்கள். கறி விழுந்ததும் பெரிய குமிழியோடு கனத்த சத்தம் வரும். ஈரம் வெளியேற வெளியேறக் குமிழி சிறுத்து, சத்தம் மெலிந்து கிறீச்சென்று மேலே போகும். எடுக்கும் பதம் அது.

எடுத்ததும் வெட்ட மாட்டார்கள். கம்பி வலையில் இரண்டு மூன்று நிமிடம் நிறுத்தி வைப்பார்கள். எண்ணெய் வடிகிறது, உள்ளே மிச்சம் வேக வேண்டியது தன் சூட்டிலேயே வேகிறது, சாறும் கறிக்குள் அடங்குகிறது. உடனே வெட்டினால் சாறு பலகையில் ஓடி அடிப்பக்கத் தூளை நனைத்துவிடும். வெட்டும்போதும் ரம்பம் மாதிரி இழுக்காமல், மேலிருந்து ஒரே அழுத்து. சரக் என்று கேட்கும்.

—

யோகோஹாமா உறுப்பினர்:

ஒசாகா அண்ணா கறியைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் மேசைக்கு வருகிறேன். சில கடைகளில் உட்கார்ந்ததும் சின்ன உரலில் வறுத்த எள்ளும் ஒரு குட்டி உலக்கையும் வைப்பார்கள். எள்ளை மாவாக்க வேண்டாம். பாதி உடைந்து மணம் கிளம்பியதும் நிறுத்தி, அந்த உரலிலேயே சாஸை ஊற்றிக் கலக்குங்கள். துண்டை அதில் தொட்டுச் சாப்பிட வேண்டும். தட்டு முழுக்க சாஸை அபிஷேகம் செய்தால், கம்பி வலையில் நிறுத்தி அவர்கள் காப்பாற்றிய மொறுமொறுப்பு ஐந்தே நிமிடத்தில் போய்விடும். ஊற்றித்தான் தீருவேன் என்றால் வெட்டுமுகத்தில் ஊற்றுங்கள், மேலோட்டில் வேண்டாம்.

நடுத்துண்டுகளில் ஒன்றை முதலில் எடுத்து வெறும் உப்பில் தொட்டுப் பாருங்கள். கறி எப்படிப்பட்டது என்று அதில் தெரிந்துவிடும். பிறகு சாஸ், கூடவே துளி 'கராஷி'. மஞ்சளாக, சாதுவாகத் தெரியும் அந்தக் கடுகு விழுது மூக்கில் ஏறும். பட்டாணி அளவு முழுத் துண்டுக்கும் தாராளம். கொழுப்பு அதிகமான ஓரத்துண்டுக்குக் கடுகைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

கோஸ் அலங்காரத்துக்கு வைத்தது இல்லை. நூல் மாதிரி சீவி, குளிர்ந்த நீரில் போட்டு எடுத்தது. இரண்டு துண்டுக்கு ஒரு வாய் கோஸ் என்று போனால் எண்ணெய் திகட்டாது. டோக்கியோவின் கின்சா பகுதியில் 1895-இல் தொடங்கிய ரெங்காதெய் உணவகத்தில்தான் பன்றிக்கறி கட்லெட்டுக்குப் பச்சைக் கோஸைத் துணை சேர்த்தார்கள் என்று சொல்வார்கள்.

—

நிஷி-கசாய் உறுப்பினர்:

மாட்டுக்கறி தவிர்ப்பவர்கள், சைவ நண்பர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

பன்றிக் கடைதானே, மாடு இருக்காது என்று நினைக்காதீர்கள். 'மென்ச்சி கட்சு' கொத்துக்கறிப் பண்டம், பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்தது. அதை 'அய்பிகி' என்பார்கள். கட்சுவைச் சோற்றோடு வைத்து மசாலாக் குழம்பு ஊற்றித் தரும் 'கட்சு கரே'யின் குழம்பில் மாட்டுக்கறிச் சாறு இருப்பது சகஜம். உருளைக்கிழங்கு 'கொரொக்கே'யிலும் கொத்துக்கறி ஒளிந்திருக்கும். 'க்யூ நிக்கு ஹாய்த்தே மாஸ் கா' என்று கேட்டால் மாட்டுக்கறி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்.

பன்றி சாப்பிடாதவர்களுக்கு இறால் பொரியல் இருக்கிறதே என்று சமாதானம் சொல்வதும் தப்பு. பல கடைகள் பொரிப்பதே பன்றிக்கொழுப்பில், அல்லது அது கலந்த எண்ணெயில். தாவர எண்ணெய் என்றாலும் சட்டி ஒன்றுதான். சைவருக்கு மிஞ்சுவது சோறும் கோஸும். மிசோ சூப்கூட மீன் சாறுதான். அவர்களை வேறு கடைக்கு அழைத்துப் போவதே மரியாதை.

—

கோபே உறுப்பினர்:

கறி நடுவில் லேசாக இளஞ்சிவப்பு நிறத்தோடு வந்தால் சாப்பிடலாமா? யாராவது சொல்லுங்கள்.

—

ஒசாகா உறுப்பினர்:

நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது தம்பி. பன்றிக்கறியைப் பச்சையாகப் பரிமாறுவதற்கு ஜப்பானில் 2015 ஜூனிலிருந்து தடை. உள்பகுதி 63 டிகிரியில் 30 நிமிடமோ, அதற்குச் சமமாகவோ சூடேற வேண்டும் என்பது விதி. 75 டிகிரி என்றால் ஒரு நிமிடம் போதும். பதமாக வெந்த கறியும் இளஞ்சிவப்பாக இருக்கலாம், அதன் சாறு தெளிந்திருக்கும். வெட்டுமுகம் பளபளவென்று ஈரமாக, கடித்தால் வழுக்கி, சாறு சிவந்திருந்தால் பேசாமல் திருப்பிக் கொடுங்கள். மறுபடி பொரித்துத் தருவார்கள். 'எஸ்.பி.எஃப்.' பன்றி என்று பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். குறிப்பிட்ட சில நோய்க்கிருமிகள் இல்லாமல் வளர்த்தது என்பதுதான் அதன் பொருள், அரைவேக்காட்டுக்கு உத்தரவு இல்லை.

ஒரு கூடுதல் சேதி. ஒசாகா, கோபே அடங்கிய இந்தக் கன்சாய் பக்கம் 'நிக்கு' (கறி) என்று மொட்டையாகச் சொன்னால் மாட்டுக்கறி. பன்றிக்கு 'புத்தா' என்று சொல்ல வேண்டும்.

—

நகோயா உறுப்பினர்:

எங்கள் ஊரில் மேலே எழுதிய சாஸ் சட்டம் எதுவும் செல்லாது. மிசோ கட்சுவில் சோயா மட்டும் வைத்துப் புளிக்கவிட்ட கரும் மிசோவை இனிப்பும் சாறும் சேர்த்துக் காய்ச்சி, கட்சுவின் தலையிலேயே ஊற்றுவார்கள். ஊறித்தான் வரும். மொறுமொறுப்புதான் முக்கியம் என்றால் மிசோவைத் தனிக்கிண்ணத்தில் கேளுங்கள், சில கடைகளில் தருவார்கள். சோறு கூடுதலாகச் செல்லும், 'ஓமொரி' என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

—

டோக்கியோ உறுப்பினர்:

மலிவுச் சங்கிலிக் கடைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வாசலிலேயே டிக்கெட் இயந்திரம் இருக்கும். மொழியை மாற்றி, உள்ளே சாப்பிடுவதா பார்சலா என்று அழுத்தி, காசு போட்டால் எண் வரும். அந்த எண்ணைக் கூப்பிடும்போது தட்டை நாமே எடுத்து, முடிந்ததும் நாமே திருப்பி வைக்கிற கடைகள் கூடிவருகின்றன. தனிக்கடைகள் பல மதியம் 2 மணி வாக்கில் மூடி 5 மணிக்குத்தான் திறக்கும், ரொக்கம் மட்டும் வாங்குவதும் உண்டு. டிப்ஸ் கிடையாது. மேசையில் வைத்த சீட்டை எடுத்துக்கொண்டு வாசல் கல்லாவில் கொடுக்க வேண்டும்.

பார்சல் ஆறிவிட்டால் மைக்ரோவேவ் வேண்டாம், மேலோடு நமத்துவிடும். கசக்கிய அலுமினியத் தாள்மேல் வைத்து டோஸ்டர் ஓவனில் ஐந்தாறு நிமிடம் போதும். ஏற்கெனவே நமத்துப்போனதைக் கட்சுதோன், அதாவது முட்டையோடு சோற்றின் மேல் போட்ட கட்சு, ஆக்குங்கள். ஒருவருக்கு 100 மில்லி தாஷி (மீன், கடற்பாசி போட்ட சாறு), ஒன்றரை மேசைக்கரண்டி சோயா சாஸ், அதே அளவு மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது), ஒரு தேக்கரண்டி சர்க்கரை. அதில் அரை வெங்காயத்தைச் சுருளவிட்டு, கட்சுவை வைத்து, இரண்டு முட்டையை வெள்ளையும் மஞ்சளும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி அரைகுறையாக அடித்து முக்கால்வாசி ஊற்றுங்கள். முப்பது விநாடி கழித்து மீதியையும் ஊற்றி, அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் திறந்து, அப்படியே சோற்றின் மேல் சரிக்க வேண்டியதுதான்.