பாதாம் இலை போட்டும் பி.ஹெச். இறங்கவில்லை, இலைமேல் வெள்ளையாகப் படிகிறது

மதுரைமீன்:
வணக்கம். மதுரையில் வாடகை வீடு, 40 லிட்டர் தொட்டி. ஒரு நீல ஃபைட்டர் மீன், ஐந்து நத்தை. ஃபைட்டரின் வால் ஓரம் நைந்து நைந்து கிழிகிறது. பாதாம் இலை போட்டால் ஆறிவிடும் என்று மீன் கடையில் சொன்னார்கள். தெருமுனைப் பள்ளி மைதானத்தில் அந்த மரம் இருக்கிறது. போன ஞாயிறு கீழே கிடந்த நான்கு இலைகளைப் பொறுக்கி வந்தேன். மூன்று சருகு, ஒன்று பாதி பச்சை. கழுவி நான்கையும் ஒரேயடியாகப் போட்டுவிட்டேன்.

நான்கு நாளில் தண்ணீர் கட்டன் டீ மாதிரி ஆகிவிட்டது. ஆனால் பி.ஹெச். (தண்ணீரின் அமில-கார அளவு) முன்பும் 8.2, இப்போதும் 8.2. போர் தண்ணீர், டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 850. நேற்றிலிருந்து இலைகளின் மேல் வெள்ளைச் சளி மாதிரி ஏதோ படிகிறது. எல்லாவற்றையும் கொட்டிவிடச் சொல்கிறார் அம்மா. கொட்டலாமா?

குளத்துக்கரை:
தம்பி, கொட்ட வேண்டாம். பாதிப் பச்சையாக இருந்த இலையை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பச்சை இலையில் சாறும் சர்க்கரையும் இருக்கும், தண்ணீரில் அது அழுகும். மரம் தானாகச் சிவந்து உதிர்த்த இலையில் அதெல்லாம் வற்றிப்போய் துவர்ப்பு மட்டும் நிற்கும். நமக்கு வேண்டியது அந்தத் துவர்ப்புதான். டானின் டானின் என்கிறார்களே, அது இதுதான். கடுக்காயும் தான்றியும் மருதும் இந்த மரத்துக்குப் பங்காளிகள், எல்லாம் ஒரே இனம். கடுக்காயை வாயில் போட்டால் நாக்கு இழுக்கும் இல்லையா, தோல் பதனிடுகிறவர்கள் அதைப் பயன்படுத்தியதும் அந்தத் துவர்ப்புக்காகத்தான். அதற்காகக் கடுக்காயைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள், மீன் தாங்காது. கடையில் விற்கும் பாதாம் பருப்பு மரமும் இதுவல்ல, அது வேறு குடும்பம். நம்முடையது நாட்டு வாதுமை, பள்ளிக்கூடத்தில் கொட்டையைக் கல்லால் உடைத்துத் தின்போமே, அந்த மரம்.

வெள்ளைச் சளியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இலை மக்கத் தொடங்கும்போது பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்து பூக்கும் படலம் அது. உங்கள் நத்தைகள் இரண்டொரு நாளில் மொய்த்துத் தின்றுவிடும். இலையில் நரம்பு மட்டும் மிஞ்சியதும் எடுத்துப்போட்டுப் புதிது போடுங்கள். எனக்கு ஒரு இலை மூன்று வாரத்திலிருந்து ஐந்து வாரம் வரை வரும்.

பி.ஹெச். ஏன் அசையவில்லை என்றால், காரணம் போர் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் கார்பனேட் இலை விடும் அமிலத்தையெல்லாம் விழுங்கிவிடுகிறது. அந்தக் கார்பனேட்டை அளக்க கே.ஹெச். என்று தனி டெஸ்ட் உண்டு, அதைப் பாருங்கள். டி.டி.எஸ். மீட்டர் இதைச் சொல்லாது. கே.ஹெச். அதிகமாக இருக்கும்வரை பத்து இலை போட்டாலும் தண்ணீர் கறுக்குமே தவிர பி.ஹெச். இறங்காது. இறக்கியே ஆகவேண்டும் என்றால் ஆர்.ஓ. தண்ணீரோ மழைத்தண்ணீரோ கலக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக. என்னைக் கேட்டால் ஃபைட்டருக்கு அது அவசியமே இல்லை. 8.2-இல் பழகிய மீன் 8.2-இல் நன்றாகவே இருக்கும். பி.ஹெச். திடீரென்று ஏறி இறங்குவதுதான் அதை வாட்டும்.

வால் விஷயம் முக்கியம். இலை மருந்தல்ல. பாக்டீரியாவைக் கொஞ்சம் அடக்கும், மீனை அமைதியாக வைக்கும், அவ்வளவுதான். வால் நைவதற்குப் பெரும்பாலும் காரணம் கெட்ட தண்ணீர். வாரம் இரண்டு முறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். தொட்டிக்குள் கூரான பிளாஸ்டிக் செடி இருந்தால் தூக்கி எறியுங்கள். பதினான்கு வருடமாக நாகர்கோவிலில் ஃபைட்டர் வளர்க்கிறேன். வெறும் இலையை நம்பித் தண்ணீர் மாற்றாமல் விட்டு, நல்ல சிவப்பு ஆண் ஒன்றை இழந்திருக்கிறேன். இன்றும் அது மனதில் இருக்கிறது.

என் கணக்கு 20 லிட்டருக்கு ஒரு பெரிய இலை. உங்கள் தொட்டிக்கு இரண்டு போதும். கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, ஆறியபின் போட்டால் சீக்கிரம் மூழ்கும். இலை அதிகமானால் மக்கும்போது ஆக்சிஜனை உறிஞ்சும். ஃபைட்டர் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன், அதனால் திணறலை உடனே காட்டாது. நத்தைகளைப் பாருங்கள். எல்லாம் சேர்ந்து நீர்மட்டத்துக்கு ஏறினால் இலையைக் குறையுங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், தாய்லாந்தில் இந்த மீன் வாழும் வயலும் சதுப்பும் செடியும் சருகும் ஊறிய தண்ணீர்தான். நிறம் பிடிக்கவில்லை என்றால் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் (நிறத்தை உறிஞ்சும் கரி) வைத்தால் தெளிந்துவிடும். ஆனால் துவர்ப்பும் அதோடு போய்விடும்.

செவ்விறால்:
அண்ணன் சொன்னது சரி. நான் கோயம்புத்தூர், சிறுவாணித் தண்ணீர். இங்கே கே.ஹெச். ரொம்பக் குறைவு, அதனால் இதே இலை இரண்டு போட்டதும் பி.ஹெச். 7-இலிருந்து 6.4-க்கு வந்துவிட்டது. ஊரைப் பொறுத்துத்தான்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். இலை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதை விசாரித்துக்கொள்ளுங்கள். எங்கள் குடியிருப்புத் தோட்டத்தில் உதிர்ந்த கொய்யா இலையை எடுத்துப் போட்டேன். இரண்டு நாள் முன்பு அங்கே பூச்சிமருந்து அடித்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. விடிவதற்குள் முப்பது செர்ரி இறாலும் போய்விட்டது. மீன் தப்பித்தாலும் இறால் தப்பிக்காது. சாலையோர மரமும் வேண்டாம், புகையும் எண்ணெயும் படிந்திருக்கும். வேப்பிலை, அரளி, யூகலிப்டஸ் பக்கமே போகாதீர்கள். மருந்து படாத கொய்யாச் சருகு நல்லது, இறாலுக்கு உயிர்.

மதுரைமீன்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டு இலைதான் வைத்தேன், செவ்வாயும் சனியும் பத்து லிட்டர் மாற்றினேன், பிளாஸ்டிக் செடியை எடுத்துவிட்டேன். கே.ஹெச். 14 இருந்தது, பி.ஹெச்.ஐ அப்படியே விட்டுவிட்டேன். வால் ஓரத்தில் கண்ணாடி மாதிரிப் புதுச் சவ்வு வளர்கிறது. பள்ளி வாட்ச்மேனிடம் கேட்டேன், அந்த மரத்துக்கு மருந்து அடிப்பதில்லையாம். நேற்று மிதக்கும் இலைக்கு அடியில் ஃபைட்டர் நுரைக்கூடு (முட்டைக்காகக் குமிழிகளால் கட்டும் கூடு) கட்டியிருக்கிறது! அம்மாதான் முதலில் பார்த்துக் கூப்பிட்டார். சவுக்குக் காயும் போடலாமா?

குளத்துக்கரை:
போடலாம் தம்பி. நன்றாகக் காய்ந்ததாக நான்கைந்து, அரைமணி நேரம் வேகவைத்துப் போடுங்கள். இப்போது வேண்டாம், கூட்டைக் கலைக்காமல் அடுத்த தண்ணீர் மாற்றத்தின்போது.