ஒரு மாதத்தில் நாவலின் முதல் வரைவு: வேலைக்குச் செல்பவர் இந்தச் சவாலை ஏற்கலாமா?

மைக்கூடு (கேள்வி):

வணக்கம். சில ஆண்டுகளாகச் சிறுகதைகள் எழுதி வருகிறேன். நாவல் எதையும் எழுதி முடித்ததில்லை. முப்பது நாட்களில் ஒரு நாவலின் முதல் வரைவை முடிக்கும் சவாலை வரும் மாதம் ஏற்கலாமா என்று யோசித்து வருகிறேன். முழுநேர வேலையில் இருப்பதால், வார நாட்களில் அதிகாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். விடுமுறை நாட்களில் மூன்று மணி நேரம் வரை ஒதுக்க இயலும்.

கதைக்கரு ஒன்று மனத்தில் இருக்கிறது. நெடுங்காலம் பேச்சுவார்த்தை இல்லாமல் பிரிந்திருந்த அக்காவும் தங்கையும், தாயின் மறைவுக்குப் பிறகு அந்த வீட்டை விற்பதற்காகச் சில வாரங்கள் ஒன்றாகத் தங்க நேர்கிறது. முதற்காட்சியும் இறுதிக்காட்சியும் எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன. நடுப்பகுதிதான் மங்கலாக இருக்கிறது.

ஆங்கிலத்தில் எழுதுவோர் வைத்துக்கொள்ளும் 50,000 சொற்கள் என்ற இலக்கைத் தமிழில் எழுதுபவரும் அப்படியே ஏற்க வேண்டுமா? தொடங்கும் முன் எவ்வளவு தூரம் திட்டமிட வேண்டும்? இவற்றைவிட என்னை அதிகம் தயங்கவைப்பது வேறொன்று: சிறுகதையில் ஒரு பத்தியைப் பலமுறை திருத்திய பிறகே அடுத்த பத்திக்குச் செல்வது என் வழக்கம். அந்தக் கவனத்தை விட்டுவிட்டு வேகமாக எழுதினால் மொழி நீர்த்துவிடாதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நடைவழி:

வணக்கம். தாராளமாக ஏற்கலாம். சிறுகதை எழுதிப் பழகியவருக்கு ஒரு நீண்ட கதையை இறுதிவரை கொண்டுசெல்லும் பயிற்சி வேறு எந்த வழியிலும் இவ்வளவு விரைவில் கிடைக்காது என்பது என் உறுதியான கருத்து.

இலக்கைப் பற்றி முதலில் சொல்கிறேன். இந்தச் சவால் 1999 ஜூலையில், அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், கிறிஸ் பேட்டி என்பவர் உட்பட 21 பேர் சேர்ந்து தொடங்கியது. மறு ஆண்டு நவம்பருக்கு மாற்றப்பட்டு, ‘நானோரைமோ’ என்ற சுருக்கப் பெயரில் உலகெங்கும் பரவியது. 50,000 சொற்கள், அதாவது நாளொன்றுக்கு 1,667 சொற்கள் என்ற கணக்கு அங்கிருந்து வந்ததுதான். அதை நடத்திய அமைப்பு 2025 மார்ச் இறுதியில் தன் பணிகளை நிறுத்திக்கொள்வதாக அறிவித்துவிட்டது. எனவே யாரிடமும் பதிவுசெய்ய வேண்டியதில்லை. எந்த மாதத்திலும் தொடங்கலாம். இலக்கையும் நீங்களே வகுத்துக்கொள்ளலாம்.

தமிழில் வேற்றுமை உருபுகளும் துணைவினைகளும் சொல்லோடு ஒட்டி நிற்பதால், ஆங்கிலத்தில் பல சொற்கள் சுமக்கும் பொருளைத் தமிழில் ஒரே சொல் சுமந்துவிடுகிறது. ஒரே அளவுள்ள கதைக்குத் தமிழில் சொற்கணக்கு கணிசமாகக் குறையும் என்பதை மனத்தில் கொண்டு, முதன்முறையாக எழுதும் உங்களுக்கு 30,000 சொற்களைப் பரிந்துரைக்கிறேன். அதை நாளுக்கு ஆயிரம் என்று சமமாகப் பிரிக்க வேண்டாம். உங்கள் மாதத்தில் 22 வேலை நாட்களும் 8 விடுமுறை நாட்களும் இருந்தால், வேலை நாளுக்கு 800, விடுமுறை நாளுக்கு 1,550 என்று வகுத்துக்கொள்ளுங்கள். கணக்கு சரியாக 30,000 வரும். கிடைக்கும் நேரத்துக்கு ஏற்ப இலக்கைப் பிரித்தால், வார நாட்களில் தோல்வி மனப்பான்மை சேர்ந்துகொண்டே போவதைத் தவிர்க்கலாம்.

பனையோலை:

நடைவழி அவர்களின் கணக்கில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் சொற்கணக்கை முன்னிறுத்தித் தொடங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். உங்கள் சிக்கல் நடுப்பகுதியில் இருக்கிறது, அதை எண்ணிக்கை தீர்க்காது.

விரைவாக எழுதுவதற்குச் சான்றாகப் பலரும் தஸ்தயெவ்ஸ்கியைக் குறிப்பிடுவார்கள். பதிப்பாளரோடு செய்துகொண்ட கடுமையான ஒப்பந்தத்தின் கெடு நெருங்கியபோது, அவர் 1866 அக்டோபரில் 26 நாட்களில் ‘சூதாடி’ நாவலை அன்னா ஸ்னித்கினா என்ற இளம் சுருக்கெழுத்தாளரிடம் சொல்லி முடித்தார் என்பது உண்மை. ஆனால் அந்தக் கதையின் கருவை அவர் 1863-லேயே நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார் என்பதையும், சூதாட்ட மேசைகளில் தாமே பட்ட அனுபவம் அவருக்குப் பின்னால் இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எழுதியது 26 நாட்கள் என்றாலும், கதை மனத்தில் மூன்றாண்டுகள் ஊறியிருந்தது.

உங்களுக்கு மூன்றாண்டுகள் வேண்டாம். தொடங்கும் முன் இரண்டு வாரங்கள் போதும். அந்த இரண்டு வாரங்களில் அத்தியாய வாரியான முழுத் திட்டம் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிப் போட்டால் கதை இரண்டாம் வாரத்திலேயே அந்தத் திட்டத்தை மீறிவிடும். அதற்குப் பதிலாகச் சில கேள்விகளுக்கு விடை எழுதிவையுங்கள். அக்காவுக்கு அந்த வீட்டிலிருந்து என்ன வேண்டும்? தங்கைக்கு என்ன வேண்டும்? இருவரும் விரும்புவது ஒரே பொருளாக இருந்தால் என்ன ஆகும்? பிரிவுக்குக் காரணமான நிகழ்ச்சியை இருவரும் வெவ்வேறு விதமாக நினைவில் வைத்திருக்கிறார்களா? தாய் மறைத்துவைத்த செய்தி ஏதேனும் உண்டா, அது எப்போது யார் கண்ணில் படுகிறது?

சரியாக நடுவில் ஒரு மாற்றம் நிகழ வேண்டும் என்பதை மட்டும் உறுதியாக முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் கதையில், வீட்டை விற்க வற்புறுத்தியவள் விற்க மறுக்கும் கணம் அதற்குப் பொருத்தமாக இருக்கலாம். அந்த ஒரு காட்சி தெரிந்துவிட்டால் முதல் பதினைந்து நாட்கள் அதை நோக்கிச் செல்லும். அடுத்த பதினைந்து நாட்கள் அதன் விளைவுகளைச் சொல்லும். புதிதாக எழுதுவோர் பெரும்பாலும் கைவிடுவது இரண்டாம் வாரத்தின் முடிவில்தான் என்று நான் கவனித்திருக்கிறேன். தொடக்கத்தின் உற்சாகம் தணிந்து, முடிவு இன்னும் தொலைவில் இருக்கும் அந்த நாட்களைக் கடக்க, எழுதியே தீர வேண்டும் என்று நீங்கள் ஏங்கும் ஒரு காட்சி முன்னே காத்திருக்க வேண்டும்.

திருத்துகோல்:

மொழி நீர்த்துவிடுமோ என்ற கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். நீர்த்துத்தான் போகும், அதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. சிறுகதையில் ஒவ்வொரு பத்தியையும் செதுக்கியபடி முன்செல்ல முடிவதற்குக் காரணம், முழுக்கதையும் ஒரே நேரத்தில் உங்கள் மனத்துக்குள் அடங்கியிருப்பதுதான். நாவல் அப்படி அடங்காது. ஏழாம் அத்தியாயத்தில் தங்கை சொல்லப்போகும் ஒரு பொய், முதல் அத்தியாயத்தில் நீங்கள் செதுக்கிவைத்த உரையாடலையே தேவையற்றதாக்கிவிடலாம். வெட்டி எறியப்போகும் பத்திக்கு முழு உழைப்பையும் கொடுப்பது வீண்.

எழுதும் மாதத்தில் முந்தைய பக்கங்களைத் திருத்துவதில்லை என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாசிக்கலாம். இங்கிலாந்தின் அஞ்சல் துறையில் அலுவலராக இருந்துகொண்டே ஏராளமான நாவல்களை எழுதிய ஆண்டனி டிரோலோப், அதிகாலை 5.30 மணிக்கே மேசையில் அமர்ந்து, முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதை வாசித்துவிட்டு, பிறகு கடிகாரத்தை முன்னால் வைத்துக் கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் வீதம் எழுதியதாகத் தன்வரலாற்றில் சொல்கிறார். அவருக்கு நாள்தோறும் மூன்று மணி நேரம் இருந்தது. உங்களுக்கு வாசிப்புக்குப் பத்து நிமிடம் போதும். கதையின் தொனி மீண்டும் காதில் விழுவதற்காகத்தான் அது. அவருடைய வேகத்தில் பாதி இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 500 சொற்கள் வந்துவிடும். வேலை நாளின் 800 சொற்களுக்கு அதைவிடச் சற்று விரைவு தேவைப்படும். திருத்துவதை நிறுத்தியதும் அந்த விரைவு தானாக வரும்.

பெயர், தேதி, சட்ட நடைமுறை போன்ற எதையேனும் தேட வேண்டியிருந்தால் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி இட்டுவிட்டு மேலே செல்லுங்கள். கதையின் திசையையே மாற்றத் தோன்றினால், எழுதியதை அழிக்காமல் ‘இனி அக்கா ஆசிரியை’ என்று ஒரு வரி குறித்துவிட்டு, முதலிலிருந்தே அப்படி எழுதியதாகக் கொண்டு தொடருங்கள்.

மைக்கூடு:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பனையோலை அவர்களின் கேள்விகளுக்கு விடை எழுதத் தொடங்கியபோது, தாய் அந்த வீட்டை ஏற்கெனவே தங்கையின் பெயருக்கு மாற்றிவைத்திருந்தார் என்பது எனக்கே புதிய செய்தியாகக் கிடைத்தது. நடுப்பகுதிக்கு அது போதுமென்று தோன்றுகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. உடல்நலமோ வேலையோ குறுக்கிட்டுச் சில நாட்கள் எழுத முடியாமல் போனால் என்ன செய்வது? மாதம் முடிந்ததும் அந்த வரைவை என்ன செய்ய வேண்டும்?

நடைவழி:

தாயின் முடிவு நல்ல திருப்பம். அதை அக்கா முதலில் அறிகிறாளா, தங்கை முன்பே அறிந்து மறைத்தாளா என்பதை மட்டும் தொடங்கும் முன் முடிவு செய்துவிடுங்கள். கதையின் அறச்சிக்கல் முழுவதும் அதைப் பொறுத்தது.

விடுபட்ட நாட்களின் கடனை ஒரே நாளில் அடைக்க முயல வேண்டாம். மீதமுள்ள நாட்களுக்குப் பகிர்ந்துவிடுங்கள். ஐந்து நாட்கள் போய்விட்டாலும், 30,000 சொற்களை 25 நாட்களில் எழுத நாளுக்குச் சராசரியாக 200 சொற்கள்தான் கூடுகின்றன. அது ஒரு நல்ல பத்தி. பத்து நாட்களுக்கு மேல் விடுபட்டால் இலக்கைக் குறைத்துக்கொண்டு, நீங்கள் ஏற்கெனவே அறிந்த இறுதிக்காட்சியை எழுதிவிடுங்கள். இடையில் விடுபட்ட காட்சிகளுக்கு இரண்டு வரிச் சுருக்கம் போதும். முடிவுவரை சென்ற 18,000 சொற்கள், பாதியில் நின்ற 30,000 சொற்களைவிடத் திருத்துவதற்கு எளியவை.

வரைவை முடித்ததும் குறைந்தது மூன்று வாரங்கள் அதைத் தொடாதீர்கள். பதிப்பகங்களுக்கும் போட்டிகளுக்கும் அனுப்பவே வேண்டாம். அந்த இடைவெளியில் சிறுகதைகளுக்குத் திரும்பிச் செல்லுங்கள். பிறகு முழுவதையும் அச்சிட்டு, ஓரிரு நாட்களில் ஒரு வாசகராகப் படித்து, எந்தக் காட்சியில் உங்கள் ஆர்வம் குன்றுகிறது என்பதை மட்டும் ஓரத்தில் குறியுங்கள். எந்தக் காட்சி இருக்கும், எது போகும், எது இடம் மாறும் என்பது முடிவான பின்னர், திருத்துகோல் தள்ளிவைக்கச் சொன்ன பத்தி செதுக்கும் வேலையைத் தொடங்குங்கள்.