ஷாட்டோ லாட்டூர் 1996: ஒரே ஆண்டு, இரண்டு பாட்டில்கள்

பழைய பொர்தோ, அதாவது பிரான்சின் பொர்தோ பகுதி ஒயின், பாட்டிலில் எப்படி வயதாகிறது என்று பேச்சு ஓடுவதால் என் பங்குக்கு இது. பொர்தோ நகரில் ஒரு நண்பர் வீட்டு விருந்தில், அந்தப் பகுதியின் பேர்பெற்ற தோட்டமான ஷாட்டோ லாட்டூரின் 1996 சிவப்பு ஒயின் இரண்டு பாட்டில் திறந்தார்கள். ஒன்று, அவருடைய அப்பா புதிதாக வந்தபோதே வாங்கி வீட்டு நிலவறையில் படுக்க வைத்தது. இன்னொன்று பல வருடம் கழித்து ஏலத்தில் எடுத்தது. லேபிளில் ஒரு வித்தியாசமும் கிடையாது, அதே கோபுரம், அதன் மேல் அதே சிங்கம்.

வீட்டுப் பாட்டிலை முந்தின நாளே நிமிர்த்தி வைத்திருந்தார், மண்டி அடியில் தங்கட்டும் என்று. டிகாண்டரில் (ஒயினைக் காற்றாட விடும் கண்ணாடிக் குடுவை) ஊற்றியதும் வாசனையே காட்டாமல் முறுக்கிக்கொண்டிருந்தது. இதற்கா இவ்வளவு பேச்சு என்று நினைத்தேன். நேரம் போகப் போக கருந்திராட்சை, சீவிய பென்சில், தேவதாரு, அப்புறம் பழைய தோல் என்று ஒவ்வொன்றாக வந்தது, விழுங்கிய பிறகும் நாக்கில் வெகுநேரம் நின்றது. பெரும்பகுதி கபர்னே சொவினியோன், லாட்டூர் இருக்கும் மெதோக் வட்டாரத்தில் அந்தத் திராட்சைக்கு 1996 அருமையான ஆண்டு. ஏலப் பாட்டிலோ ஓரத்தில் செங்கல் நிறம் ஏறி, வாயில் தட்டையாக, காய்ந்த பழ வாசனையோடு முடிந்துவிட்டது. அதன் கார்க் பக்கவாட்டில் மேல்வரை ஊறியிருந்தது. எங்கேயோ சூட்டில் கிடந்திருக்க வேண்டும்: சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், ஓரமாகக் கசியும், குளிர்ந்ததும் காற்றை உள்ளே இழுக்கும். இது சில தடவை நடந்தாலே போதும், பொர்தோ தோட்டங்களின் 1855 தரவரிசையில் முதல் வரிசை என்கிற பெருமை எல்லாம் லேபிளோடு சரி.

2011 ஒயினுக்கு அப்புறம் லாட்டூர், பீப்பாயில் இருக்கும்போதே முன்கூட்டி விற்கும் வழக்கத்தை விட்டுவிட்டது, குடிக்கிற பக்குவம் வரும்வரை தங்கள் நிலவறையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். வியாபாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. விலையைக் கையில் வைத்துக்கொள்ளத்தான் என்று சொல்பவர்களும் உண்டு, இருக்கலாம். ஆனால் அந்த இரண்டாவது பாட்டிலைக் குடித்தவன் என்ற முறையில் நான் தோட்டத்தின் பக்கம்தான்.

---

லாட்டூர் இருக்கும் ஊரான போயாக் போனபோது நான் தோட்டத்தைச் சாலையிலிருந்து பார்த்ததோடு சரி, முன்அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆற்றைப் பார்க்கிற கொடிதான் நல்ல கொடி என்று மெதோக்கில் சொல்வது சும்மா இல்லை, கீழே ஜிரோந்த் கழிமுகம் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் பனிக்கருகலின் கடுமையைக் கொஞ்சம் குறைக்கிறது, நிலமெல்லாம் கூழாங்கல். இப்போது நிற்கும் கோபுரம் பழைய கோட்டைக் கோபுரம் இல்லையாம், 17ஆம் நூற்றாண்டில் கட்டிய புறாக்கூடு. அந்தப் பயணத்தில் குடித்தது அவர்களுடைய இரண்டாவது ஒயின், அதாவது முதன்மை ஒயினுக்கு அடுத்த நிலையில் வரும் லே ஃபோர் த லாட்டூர்தான், வயதான பாட்டில். பெரிய அண்ணன் அளவு ஆழம் இல்லை, ஆனால் அந்தப் பென்சில் வாசனை அப்படியே இருந்தது, எனக்கு அதுவே போதும்.

---

ஏலத்தில் எடுக்கிறவர்களுக்கு ஒன்று: ஆண்டைப் பார்க்கும் முன் ஒயின் கழுத்தில் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று படம் கேளுங்கள். பாட்டிலின் தோள்பட்டைக்குக் கீழே இறங்கியிருந்தால் நான் தொடமாட்டேன், எவ்வளவு மலிவானாலும். இவ்வளவு வயதான கார்க்குக்கு திருகு வேண்டாம், பெரும்பாலும் நடுவில் உடையும். இரண்டு தகடு உள்ள திறப்பானை ஓரமாக இறக்கி மெதுவாகச் சுழற்றி எடுங்கள்.