பெரிய கட்சிக்குள் போகலாமா? எட்டாவது ஓட்டு என்னுடையது

எட்டாவது ஆள் கேட்டது:

தோழர்களுக்கு வணக்கம். நாங்கள் எட்டுப் பேர், மூன்று வருஷமாக மாதம் இருமுறை கூடிப் படிக்கிறோம். ஒப்பந்தத் தொழிலாளர் பிரச்சினையில் இரண்டு துண்டறிக்கை போட்டிருக்கிறோம். அவ்வளவுதான் எங்கள் சாதனை. போன மாதம் பெரிய கட்சி ஒன்றின் பொறுப்பாளர் வந்து, "படிக்கிற பிள்ளைகள் எங்களிடம் குறைவு. உள்ளே வாருங்கள், பொறுப்பு தருகிறோம்" என்றார். ஐந்து பேர் தயார். இரண்டு பேர், போனால் உப்பாகக் கரைந்துவிடுவோம் என்கிறார்கள். நான் இன்னும் வாய் திறக்கவில்லை. யார் பேசினாலும் அவர் சொல்வதே சரி என்று படுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கறார் எழுதியது:

போகவே போகாதீர்கள். பெரிய ஆட்களே முயன்று பார்த்தாயிற்று. ஜெயப்பிரகாஷ் நாராயண், நரேந்திர தேவ், லோகியா எல்லாம் சேர்ந்து 1934-ல் காங்கிரசுக்குள்ளேயே காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சியைத் தொடங்கினார்கள். பதினான்கு வருஷம் இருந்தார்கள். 1948-ல், உள்ளே தனிக் கட்சி நடத்தக் கூடாது என்று காங்கிரஸ் விதி கொண்டுவந்ததும் மூட்டையைக் கட்ட வேண்டியதாயிற்று. அப்புறம் 1955-ல் ஆவடியில் அதே காங்கிரஸ் 'சோசலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. ஆளை அனுப்பிவிட்டுச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

நடுப்பக்கம் எழுதியது:

கறார், கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே. வெளியே வந்தவர்கள் என்ன ஆனார்கள்? 1951-52 முதல் பொதுத்தேர்தலில் சோசலிஸ்ட் கட்சிக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் ஓட்டு, மக்களவையில் 12 இடம். கம்யூனிஸ்ட் கட்சிக்குச் சுமார் 3 விழுக்காடு, ஆனால் 16 இடம். முன்னவர்கள் 250-க்கும் மேற்பட்ட தொகுதிகளில் நின்று சிதறினார்கள். பின்னவர்கள் வேர் பிடித்த இடமாகப் பார்த்து ஐம்பதுக்கும் குறைவான தொகுதிகளில் நின்றார்கள். பிரிட்டனில் சுதந்திரத் தொழிலாளர் கட்சி 1932-ல் லேபர் கட்சியை விட்டு விலகியது. மூன்றே வருஷத்தில் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேரைக் காணோம்.

பழைய கிளைச் செயலாளர் எழுதியது:

நான் பதினோரு வருஷம் உள்ளே இருந்தவள். எந்தக் கட்சி என்பது வேண்டாம், எங்கும் இதே கதைதான்.

தூய்மைப் பணியில் ஒப்பந்த முறையை ஒழிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம். நான்தான் எழுதினேன், கோடு போட்ட தாளில் இரண்டு பக்கம். பணியாளர்களிடம் கையெழுத்து வாங்கிப் பின்னால் இணைத்தோம். கிளைக் கூட்டத்தில் ஏகமனதாக நிறைவேறியது, கைதட்டல் வேறு. மேலே அனுப்பினோம். மூன்று மாதம் கழித்து நேரில் போய்க் கேட்டேன். அலுவலகத்தில் இருந்தவர் அலமாரியைத் துழாவி உறையை எடுத்து நீட்டினார். பிரிக்கவே இல்லை, நான் ஒட்டிய பசை அப்படியே இருந்தது. "தேர்தல் முடியட்டும், பார்க்கலாம்மா" என்றார். அந்தத் தேர்தலில் எங்கள் பகுதிக்கு வேட்பாளராக வந்தவர், அதே ஒப்பந்தத்தை எடுத்திருந்தவரின் மைத்துனர்.

இதைச் சொல்லிவிட்டு, போகாதே என்று முடிப்பேன் என்று நினைக்காதீர்கள். கையெழுத்து வாங்கப் போனபோதுதான் நாற்பது பணியாளர்கள் பழக்கமானார்கள். கட்சிக்காரி என்பதால்தான் மேஸ்திரி என்னை வாசலோடு விரட்டவில்லை. நான் விலகியபோது அவர்களில் முப்பது பேர் என்னோடு வந்தார்கள். இன்று அது தனிச் சங்கம்.

நான் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் போகிற கட்சியில் வேட்பாளரை யார் முடிவு செய்கிறார்கள்? அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சியின் உள்தேர்தலில் வாக்காளர்களே முடிவு செய்கிறார்கள். அதனால்தான் 2018-ல் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ், தலைமையின் செல்லப் பிள்ளையான ஜோ கிரவுலியைத் தோற்கடிக்க முடிந்தது. பிரிட்டனில் லேபர் கட்சிக்காரர்களும் ஆதரவாளர்களும் ஓட்டுப் போட்டு 2015-ல் ஜெரமி கார்பினைத் தலைவராக்கினார்கள். 2020-ல் அதே கட்சி அவரை நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கியது. 2024-ல் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். 1983 முதல் அதே தொகுதி, அங்குள்ளவர்கள் கட்சியைப் பார்த்து மட்டும் ஓட்டுப் போடவில்லை.

இந்தியாவில் பட்டியல் மேலிருந்து வரும். வென்று சட்டமன்றம் போனாலும் 1985-ன் கட்சித்தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால், பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னித்தால் ஒழிய, பதவி போகலாம். ஆக, உள்ளே போய் எம்.எல்.ஏ. ஆகி மாற்றிவிடலாம் என்கிற கணக்கை முதலில் அழித்துவிடுங்கள். உள்ளே கிடைப்பது ஆள் பழக்கம்தான்.

எட்டாவது ஆள்:

அக்கா, அப்படியானால் போகலாம் என்கிறீர்களா?

பழைய கிளைச் செயலாளர்:

உங்கள் எட்டுப் பேர் கூட்டம் விடாமல் தொடரும் என்றால் போங்கள். பொறுப்பு எதுவும் வாங்காதீர்கள், வாங்கினால் நாள் முழுக்கத் தோரணம் கட்டத்தான் நேரம் சரியாக இருக்கும். துண்டறிக்கைக்கு அச்சுக் கூலியை உங்கள் கையிலிருந்தே கொடுங்கள். கட்சி கொடுத்தால் முதலில் தலைவர் படம் வரும், அப்புறம் வரிகள் குறையும்.

கறார்:

தலைவர் படம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. மற்றதில் என் கருத்து மாறவில்லை.

எட்டாவது ஆள்:

நேற்றைய கூட்டத்தில் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். போகலாம் என்ற ஐவரில் ஒருவர், "கட்சிக் கூட்டமே வாராவாரம் இருக்கும், அப்புறம் இந்தக் கூட்டம் எதற்கு?" என்று சாதாரணமாகக் கேட்டார். மற்ற நான்கு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் என் ஓட்டை இப்போதைக்கு 'வேண்டாம்' என்று போட்டுவிட்டேன். அடுத்த கூட்டத்தில் மறுபடி பேசுகிறோம்.