புதுப்பிப்பு: ஒற்றைப் பட்டனால் ஆண்ட்ராய்டு போன்

விரல் அசைவு குறைந்தவர்கள் ஒரே ஒரு பெரிய பட்டனால் போனை இயக்க, ஆர்டுயினோ என்ற சிறு நிரல்படுத்தும் போர்டை யூஎஸ்பி விசைப்பலகையாக்கும் முறையை முந்தைய இழையில் எழுதியிருந்தேன். பலருக்கும் சிக்கல் தந்த இடங்கள் இவை.

ஆர்டுயினோ வகைகளில் ஊனோ ஆர்3 போர்டு இதற்கு ஆகாது. அதன் முதன்மைச் சிப்பில் நேரடி யூஎஸ்பி இல்லை. லியனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ வாங்குங்கள். பட்டனின் ஒரு வயர் 2ஆம் பின்னுக்கு, மற்றது கிரவுண்டுக்கு. உள் புல்அப்பை (பட்டன் அழுத்தாதபோது பின்னை உயர் நிலையில் வைக்கும், சிப்புக்குள்ளேயே உள்ள ரெசிஸ்டர்) நிரலில் இயக்கினால் தனி ரெசிஸ்டர் வேண்டாம்.

பட்டன் அழுத்தியபடியே இருப்பதாகப் போன் நினைத்தால் ஜாக்கைப் பாருங்கள். கடையில் வாங்கும் பட்டன்களில் பெரும்பாலும் 3.5 மி.மீ. மோனோ பிளக்தான் இருக்கும். அதை ஸ்டீரியோ ஜாக்கில் செருகினால் நடு வளையம் கிரவுண்டோடு ஒட்டிவிடும். முனை, அடிப்பகுதி இரண்டில் மட்டும் வயரைப் பற்றவையுங்கள்.

கை நடுக்கம் உள்ளவருக்கு ஒரு அழுத்தம் மூன்றாகப் பதிவாகும். ஒரு அழுத்தத்துக்குப் பின் வருபவற்றை நிரல் சிறிது நேரம் புறக்கணிக்க வேண்டும். தொடர்பு அதிர்வுக்கு (பட்டனுக்குள் உலோகம் துள்ளுவது) 50 மில்லிவிநாடி போதும், நடுக்கத்துக்குப் போதாது. 300இல் தொடங்கி, அவரே அழுத்திப் பார்த்துக் கூட்டுங்கள்.

போனின் அணுகல்தன்மை அமைப்பில் ஸ்விட்ச் அக்சஸை (பட்டனால் போனை இயக்கும் வசதி) இயக்கி, தானியங்கி ஸ்கேனுக்கு இந்தப் பட்டனை ஒதுக்குங்கள். திரையில் ஒரு கட்டம் தானாக ஒவ்வொன்றாக நகரும், வேண்டியதில் வரும்போது அழுத்த வேண்டும். நகரும் இடைவெளியை 2 விநாடிக்கும் கீழே குறைக்க அவசரப்படாதீர்கள். தவறிய கட்டத்துக்காக மறுசுற்று முழுக்கக் காத்திருப்பதுதான் அவர்களைக் களைப்பாக்குகிறது.

போர்டைப் போனோடு இணைக்கும் ஓடிஜி கேபிள் சார்ஜ் துளையை அடைத்துக்கொள்ளும் என்பதால், சார்ஜையும் கடத்தும் ஹப் ஒன்றை முதலிலேயே வாங்கிவிடுங்கள். எல்லா ஹப்பும் எல்லா போனிலும் ஒத்துழைக்காது. கடையிலேயே செருகிப் பாருங்கள்.