கோமாரி வந்த கொட்டகை: மத்த மாடுகளுக்கு இப்ப ஊசி போடலாமா?

வாழப்பாடி கறவை
சந்தையில பிடிச்ச கறவைக்கு அஞ்சாம் நாள் காய்ச்சல். சப்புக்கொட்டுது, எச்சில் நூல் நூலா ஒழுகுது, முன்னங்காலை உதறுது. அதே கொட்டகையில இன்னும் நாலு உருப்படியும் ஒரு மாசக் கன்னும் இருக்கு. மத்ததுக்கெல்லாம் இன்னிக்கே கோமாரித் தடுப்பூசி போட்டுடலாமா? தரையை பினாயில் ஊத்திக் கழுவியாச்சு.

ஆத்தூர் மாட்டு வைத்தியம்
நாக்கை இழுத்துப் பாருங்க. கொப்புளம் உடைஞ்சு தோல் வழண்டு சிவப்பா இருந்து, குளம்பு இடுக்கிலயும் புண் இருந்தா கோமாரிதான். உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்க, இல்லைனா கால்நடை உதவி எண் 1962-க்கு போன் போடுங்க.

அந்த நாலும் ஒரே கொட்டகையில இருந்ததுங்க. கிருமி உள்ள போயிருந்தா 2 முதல் 14 நாளுக்குள்ள வெளிய தெரியும். ஊசி வேலை செய்யவே ஒரு வாரத்துக்கு மேல ஆகும், அதனால இன்னிக்குப் போட்டாலும் உடனே காக்காது. ஒரே ஊசியை மாத்தாம குத்தினா நோயை நாமளே கொண்டுபோய் வச்ச மாதிரி. அக்கம்பக்கத்து ஊர் மாடுகளுக்குத்தான் முதல்ல, வெளி வட்டத்துல இருந்து உள்நோக்கிப் போட்டுவருவாங்க. உங்க கொட்டகைக்கு டாக்டர் சொல்றதுதான்.

கன்னை இப்பவே பிரிச்சுடுங்க. நோய்ப்பட்ட தாய்ப்பால் குடிச்சா இதயத்தசை கெட்டு, வாய்ப்புண்ணே வராம திடீர்னு விழுந்து செத்துடும். நல்ல மாட்டுப் பாலைக் காய்ச்சி, ஆறவச்சுக் குடுங்க.

கொட்டகைக் கணக்கு
பினாயில் வாசனை நமக்குத்தான் திருப்தி. இந்தக் கிருமியை அது சரியா கொல்லாது. அமிலமும், சோடா மாதிரி காரமும்தான் இதுக்கு எமன். சாணி, மிச்ச தட்டை எல்லாத்தையும் வாரி, சுண்ணாம்பு தூவிப் புதைச்சுட்டு, 10 லிட்டர் தண்ணிக்கு 400 கிராம் சலவை சோடா கரைச்சுத் தெளிங்க. ஆப்ப சோடா இல்லைங்க, துணி வெளுக்கிற சோடா! சாணி மேலயே ஊத்தினா மருந்து வீண். வாசல்ல அதே கரைசல்ல ஒரு சாக்கை நனைச்சுப் போட்டு, மிதிச்சுட்டுப் போகச் சொல்லுங்க.

நல்ல மாட்டைக் கறந்துட்டுக் கடைசியாத்தான் நோய் மாடு. அந்தப் பாலை பால் சொசைட்டிக்கு ஊத்தாதீங்க. கேன் வழியா அடுத்த ஊருக்குப் போயிடும்.

ஆத்தூர் மாட்டு வைத்தியம்
வாய்க்கு, லிட்டர் தண்ணிக்கு 1 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைச்சுக் கழுவி, போரிக் பவுடரைக் கிளிசரின்ல குழைச்சுத் தடவுங்க. காய்ஞ்ச சோளத்தட்டை புண்ணைக் கிழிக்கும். ஆறின கேழ்வரகுக் கூழ் வைங்க. மூங்கில் குழாயில ஊத்தினா நுரையீரலுக்குப் போயிடும், தானா நக்கட்டும். குளம்புப் புண்ணுல ஈ மொய்க்காம வேப்பெண்ணெயில கற்பூரம் கரைச்சு விடுங்க.

ஏற்காடு மேய்ச்சல்
மலைப்பக்கம் மேய விடுறவங்க கவனிங்க: காட்டெருமைக்கும் இது தொத்தும். புண் ஆறினாலும் மாட்டோட தொண்டையில கிருமி மாசக்கணக்கா தங்கலாம்.

வாழப்பாடி கறவை
கன்னைப் பிரிச்சாச்சுங்க. அதுக்கு ஊசி எப்போ?

ஆத்தூர் மாட்டு வைத்தியம்
4 மாசத்துல முதல் ஊசி, ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு, அப்புறம் 6 மாசத்துக்கு ஒருக்கா. மருந்து 2-8 டிகிரிக்குள்ள இருக்கணும். ஐஸ்ல உறைஞ்சதைப் போட விடாதீங்க.